செட்டு எப்போ கோஷ்டி ஆகுது? ஒரு காட்பாடி சீசன் டிக்கெட் பஞ்சாயத்து

ஜன்னல்சீட்டு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுமை இருக்கிறவங்க படிங்க.

நாலு வருஷமா காட்பாடியிலிருந்து சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் போய்வரேன். பாரிமுனை பக்கம் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதற வேலை. காலை வண்டியில் எங்களுக்கு ஒரு செட்டு உண்டு. வேலூர் கண்டோன்மெண்ட்ல ஏறுறவங்க காட்பாடிக்காரங்களுக்குத் துண்டு போட்டு வைப்பாங்க, காட்பாடிக்காரங்க வாலாஜா ரோட்டுக்காரங்களுக்கு வைப்பாங்க. வெளியாள் வந்து உட்கார்ந்தா யாரும் சண்டை போட மாட்டாங்க. "ஆள் வராங்க சார்"னு ஒரே குரல்ல ஆறு பேர் சொல்வாங்க, அவ்ளோதான். முதல் மூணு மாசம் அந்த "ஆள் வராங்க"வைக் கேட்டுக் கேட்டு அரக்கோணம் வரைக்கும் நின்னுக்கிட்டே போனவ நான். அப்புறம் ஒருநாள் கண்டோன்மெண்ட்ல ஏறுற ஒரு அக்கா தன் பையை நகர்த்தி "உக்காரும்மா"ன்னாங்க. அன்னையிலிருந்து நானும் செட்டு. அடுத்த வாரமே நானும் "ஆள் வராங்க" சொன்னேன். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா சொன்னேன்.

இப்போ விஷயம். வருஷா வருஷம் வண்டிக்கு ஆயுத பூஜை போடுவோம். இன்ஜினுக்கு மாலை, வாசல்ல வாழைக்கன்னு, மாவிலை, பூசணிக்காய், எல்லாருக்கும் பொரி கடலை, டிரைவருக்கும் கார்டுக்கும் ஸ்வீட் பாக்ஸ். போன தடவை தலைக்கு 300 ரூபா, 41 பேர். மொத்தம் 12,300. செட்டில் மூத்தவர் ஒருத்தர்தான் எப்பவும் பணம் வசூலிப்பார், கணக்கு அண்ணன்னே பேரு. குரூப்ல அவர் போட்ட பில்லையெல்லாம் நான் சும்மா பழக்கதோஷத்துல கூட்டிப் பார்த்தேன். 9,960 தான் வருது. "அண்ணே, 2,340 எங்கே விட்டுப்போச்சு பாருங்க"ன்னு குரூப்லயே கேட்டுட்டேன். தனியா கேட்டிருக்கணும். அது என் தப்பு, ஒத்துக்கறேன்.

அன்னைக்கு சாயங்காலம் மூணு பேர் கமிட்டி போட்டாங்க. யார் அந்த மூணு பேர்? கணக்கு அண்ணன், அவரோட ரம்மி பார்ட்னர், ஸ்டேஷன்லேர்ந்து தினமும் அவர் பைக்ல பின்னாடி உட்கார்ந்து போறவர். மறுநாளே முடிவு வந்தது: "கணக்குல தப்பு இல்லை, கேட்டவங்களுக்கு மனசுல ஏதோ இருக்கு."

அதுக்கப்புறம் ஒரு பன்னிரண்டு பேர் கோவிச்சுக்கிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டாங்க. புது குரூப், புதுப் பேர், புதுசா துண்டு. "உன்னாலதான் ஆரம்பிச்சது, நீ எங்ககூடத்தான் வரணும்"ங்கறாங்க. போனேன், ரெண்டு நாள். மூணாம் நாள் பிளாட்பாரத்துல பழைய அக்காகூட நின்னு பேசினதுக்கு புது குரூப்ல ஒருத்தர் கேட்டார்: "அங்க என்ன பேச்சு?"

அந்தக் கேள்வியிலதான் எனக்குத் தூக்கம் போச்சு. கூட்டுன்னாலும் செட்டுன்னாலும் நாலு பேர் ஒண்ணா இருக்கிறதுதானே? அது எந்த இடத்துல கோஷ்டி ஆகுது? நான் எந்தப் பெட்டியில ஏறணும்?

சோளிங்கர்வாசி:

முதல்ல வார்த்தைக்கு ஒரு வக்காலத்து. கோஷ்டி கெட்ட வார்த்தை இல்லைம்மா. எங்க ஊர்ப் பெருமாள் கோயில்ல பிரபந்தம் சேவிக்கிற கூட்டத்துக்கும் கோஷ்டின்னுதான் பேரு. ரெண்டு வரிசையா எதிரெதிரே நின்னு, ஒரு வரிசை ஒரு அடி, அடுத்த வரிசை அடுத்த அடி. மூலச்சொல் வடமொழி, மாட்டுக் கொட்டில்லேர்ந்து வந்தது. மாடுங்க கூடுற இடம், அப்புறம் ஆளுங்க கூடுற இடம். பஜனை கோஷ்டி, வாத்திய கோஷ்டின்னு நல்லாத்தான் இருந்தது. அரசியல் நியூஸ்ல "கோஷ்டிப் பூசல்"னு போட்டுப் போட்டுத்தான் கெட்டுப்போச்சு.

வள்ளுவர் அதுக்கு வச்ச சொல் பல்குழு. "பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு", குறள் 735. குழு இருக்கக் கூடாதுன்னு அவர் சொல்லலை, பல்குழுன்னார். அதுக்குப் பக்கத்துலயே உட்பகையை உட்கார வச்சார் பாருங்க.

உங்க பெட்டி விஷயம் எனக்குத் தெரியாது. நான் பஸ்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

தங்கச்சி, நான் இருபத்திரெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவன். எங்க ஊரைப் பத்தி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாளம். செட்டு சேர்றதைப் பத்தி பட்டாளத்தான்கிட்ட கேட்டா விடிய விடிய சொல்லுவான்.

பேரக்ஸ்ல மொத நாள் டிரங்குப் பெட்டியை வச்சதும் நாம தேடுறது ஒண்ணுதான், தமிழ் பேசுற ஆளு. அவன் இன்னா சாதி, இன்னா ஊரு ஒண்ணும் கேக்க மாட்டோம். சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துகினு ஒண்ணா போவோம். ஒருத்தனுக்கு லீவு கெடைச்சா மத்தவன் வீட்டுக்கும் சாமான் எடுத்துகினு போவான். இது செட்டு. இதுல தப்பே இல்லை, இது இல்லன்னா பனியில செத்துடுவோம். ஆனா ஒரு தடவை எங்க செக்ஷன்ல ஒரு பையன் ராத்திரி டூட்டில தூங்கிட்டான். நாலு பேரும் "முழிச்சிகினுதான் இருந்தான் சாப்"னு சொன்னோம். நானும் சொன்னேன். அன்னிக்கு நாங்க கோஷ்டி. எங்க சுபேதார் சாப் ஒண்ணும் பேசலை. அடுத்த வாரம் நாலு பேரையும் நாலு செக்ஷனுக்குப் பிரிச்சிப் போட்டுட்டார். பட்டாளத்துல மருந்து அதான், ஆளை மாத்திடுவாங்க. ரயில்ல அது முடியாது.

உங்க கமிட்டி சமாச்சாரம் படிச்சதும் எனக்கு நம்ம வேலூர்க் கோட்டைதான் ஞாபகம் வந்துது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி நடந்ததை அவ்வளவா யாரும் பேசறது இல்லை. புதுத் தலைப்பாகை, அதுல தோல் பட்டை, தாடியை எடு, நெத்தியில குறி வைக்காதே, காதுல கடுக்கன் போடாதேன்னு உத்தரவு. மே மாசமே கோட்டையில இருந்த ஒரு பட்டாளம் தலைப்பாகையைத் தொட மாட்டோம்னுட்டாங்க. ரெண்டு பேருக்கு, ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம், தலைக்கு 900 கசையடி. அதுக்கப்புறம்தான் எல்லாம் ரகசியமாப் போச்சு.

ஜூன் மாசம் முஸ்தபா பெக்னு ஒரு சிப்பாய், கர்னல் ஃபோர்ப்ஸ்கிட்ட போய் இப்படி ஒரு திட்டம் நடக்குதுன்னு சொன்னான். வெள்ளைக்காரன் இன்னா பண்ணான்? விசாரிக்கச் சொல்லி அதே பட்டாளத்து இந்திய ஆபீசருங்ககிட்டயே குடுத்துட்டான். அவங்கள்ல திட்டத்துக்கு உள்ளயே இருந்தவங்களும் உண்டு. விசாரிச்சி "இவனுக்குப் பைத்தியம்"னு எழுதிக் குடுத்தாங்க. அவனைப் பிடிச்சி அடைச்சி வச்சாங்க. அடுத்த மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல கோட்டையில துப்பாக்கி வெடிச்சிது. வெள்ளைக்காரப் பட்டாளத்துல நூறு பேருக்கு மேல செத்தாங்க. ஆற்காட்டிலேர்ந்து கில்லெஸ்பி குதிரைப் படையோட பதினாறு மைல் ஓடியாந்து கோட்டைக் கதவைப் பீரங்கியால ஒடைச்சான். பதிலுக்கு நம்ம ஆளுங்க முன்னூத்தம்பது பேருக்குக் குறையாம செத்தாங்க. அப்பத்தான் பைத்தியக்காரனைத் தேடிப் புடிச்சி 2,000 வராகன் குடுத்தாங்க.

விசாரிக்கச் சொன்னது யார்கிட்டங்கறதுதான் கதை. உங்க மூணு பேர் கமிட்டியும் அதேதான்.

எந்தப் பெட்டின்னு கேட்டீங்களே. அக்கா இருக்கற பெட்டில ஏறுங்க.

வாலாஜா பேட்டை பையன்:

ஹவில்தார் ஐயா, மன்னிக்கணும். முஸ்தபா பெக் காட்டிக்கொடுத்தவன். தாடியையும் விபூதியையும் மானத்தையும் காப்பாத்த செத்தவங்களையும், பொரிகடலைக் காசு அமுக்கினவரையும் ஒரே தராசுல வைக்கறீங்களே. வேலூர் மக்கான் பக்கம் நினைவுத் தூண் வச்சிருக்கறது யாருக்கு?

கம்மவான்பேட்டை ஹவில்தார்:

கோவிச்சுக்காத தம்பி. அந்தத் தூணைத் தாண்டிப் போறப்ப இன்னிக்கும் நான் வண்டியை மெதுவாத்தான் ஓட்டுவேன். ரெண்டு பட்டாளத்துலயும் சம்பளம் வாங்கினவன் மாதிரி பேசறேன்னு நெனைக்காதே. அவங்களுக்கு ரகசியம் உயிரு. ஒருத்தன் வாய் தெறந்தா எல்லாரும் பீரங்கி வாயில. கடைசில ஆறு பேரை அப்படித்தான் கட்டிச் சுட்டாங்க. அவங்க பைத்தியம்னு எழுதினது எனக்குப் புரியுது. அவங்க எடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். எனக்கு ஆத்திரம் ஃபோர்ப்ஸ் மேலதான். அவனுக்கு ரகசியம் எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான் இருந்துது.

2,340 ரூபாவுக்கு அப்படி இன்னா ரகசியம்? அதான் கேக்கறேன்.

கணக்கு வாத்தி:

நான் +2 கணக்கு ஆசிரியர், அதனால எண்ணிப் பார்க்காம இருக்க முடியலை.

கணக்குல "கிளிக்"னு ஒரு சொல் இருக்கு. 1949-ல லூஸ், பெர்ரின்னு ரெண்டு பேர் வச்சது. ஒரு கூட்டத்துல எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் அவங்களுக்குள்ள நேரடிப் பழக்கம் இருக்கணும், அப்பத்தான் அது கிளிக். ஒரே ஒரு இணை அறுந்தாலும் கிடையாது. ஆறு பேர்னா 15 இணை. பதினாலு பேர்னா 91. உங்க 41 பேர்னா 820. 820 பழக்கத்தைத் தினமும் யாரால பேண முடியும்? அதனால 41 பேர் செட்டுன்னு ஒண்ணு எப்பவுமே இருந்திருக்காது. உள்ளே ஏழெட்டுக் குட்டி செட்டு இருந்திருக்கும். ரம்மி ஆடற நாலு பேர் ஒண்ணு, இட்லி பங்கு போடற மூணு பேர் ஒண்ணு. பூஜை மட்டும்தான் எல்லாத்தையும் சேர்த்துக் கட்டின கயிறு. அந்தக் கயித்துலதான் நீங்க கை வச்சீங்க.

இன்னொண்ணு. அமெரிக்கால ஒரு யுனிவர்சிட்டி கராத்தே கிளப், 34 பேர். ஸக்காரிங்கற ஆய்வாளர் 1970-லேர்ந்து 72 வரைக்கும் கூடவே இருந்து, கிளப்புக்கு வெளியில யார் யார்கூடப் பழகறாங்கன்னு குறிச்சார். கத்துக்குடுக்கற மாஸ்டருக்கும் கிளப் தலைவருக்கும் தகராறு. எதுக்கு? ஃபீஸ் எவ்வளவுன்னு! (நீங்க சிரிக்கறது கேக்குது.) கிளப் ரெண்டா உடைஞ்சது. யார் பக்கம் நியாயம்னு ஸக்காரி பார்க்கவே இல்லை. யார் யார்கூடப் பழகினாங்கங்கறதை மட்டும் வச்சு, யார் எந்தப் பக்கம் போயிருப்பாங்கன்னு கணக்குப் போட்டார். 1977-ல அச்சாச்சு. ஒரே ஒருத்தர் விஷயத்துல மட்டும் கணக்கு தப்பாச்சு. அந்த ஆளோட பழக்கம் தலைவர் பக்கம், ஆனா போனது மாஸ்டர் பக்கம். காரணம், அவருக்குக் கருப்பு பெல்ட் தேர்வுக்கு மூணு வாரம்தான் பாக்கி.

உங்க பெட்டியிலயும் அந்தப் பன்னிரண்டு பேரும் நியாயம் கேட்டுப் போனாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க டிபன் பாக்ஸ் ஏற்கெனவே தனியா இருந்திருக்கும். பாருங்களேன்.

கருப்பு பெல்ட் பாக்கி வச்சிருக்கற அந்த ஒருத்தர் நீங்கதான்னு எனக்குத் தோணுது. உங்க பெல்ட் அந்த அக்கா.

குடியாத்தம் லுங்கி:

வாத்தியார் கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா உடைஞ்சதை ஒட்டறதுக்கு வழி சொல்லலையே.

எங்க ஊர்ல பழைய ஆளுங்க இன்னும் பேசற விஷயம் ஒண்ணு சொல்றேன். 1954-ல ராஜாஜி பதவியை விட்டதும் காங்கிரஸ் சட்டசபைக் கட்சிக்குத் தலைவர் யாருன்னு போட்டி. காமராஜர் ஒரு பக்கம், ராஜாஜி கோஷ்டி சார்புல சி.சுப்பிரமணியம் ஒரு பக்கம். இந்த ரெண்டு கோஷ்டியோட சண்டை அன்னைக்கு நேத்து வந்தது இல்லை, சத்தியமூர்த்தி காலத்துலேர்ந்து வர்றது. 93-க்கு 41, காமராஜர் ஜெயிச்சார். ஜெயிச்சவர் இன்னா பண்ணார்? தோத்த சுப்பிரமணியத்தையும், அவர் பேரை முன்மொழிஞ்ச பக்தவத்சலத்தையும் கூப்பிட்டு மந்திரி ஆக்கினார். மந்திரி சபையே எட்டுப் பேர்தான். அப்புறம் எம்.எல்.ஏ. ஆகணுமேன்னு இடைத்தேர்தல்ல நின்னது எங்க குடியாத்தத்துல. எதிர்க்கட்சியா இருந்த தி.மு.க.வே ஆள் போடாம ஆதரிச்சது. எங்க தாத்தா தறியை நிறுத்திட்டுப் போய் ஓட்டுப் போட்டதா பெருமை அடிச்சிப்பார்.

அதுக்கு நேர் எதிரா ஒண்ணு நானே பார்த்தது. 1989 சட்டசபைத் தேர்தல். எம்.ஜி.ஆர். போனதும் அ.தி.மு.க. ரெண்டா உடைஞ்சி இரட்டை இலையை முடக்கிட்டாங்க. ஜெயலலிதாவோட ஜெ அணிக்கு சேவல், ஜானகியம்மாவோட ஜா அணிக்கு இரட்டைப் புறா. எங்க தெருவுல ஒரே தறிக்கூடத்துல அப்பன் புறா, மகன் சேவல். ஒரே குழித்தறி, ஒரே பாவு, அப்பன் காலைல நெய்வார், மகன் மத்தியானம் நெய்வான், ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்க. அந்தம்மா நடுவுல நின்னுகினு, "உங்கப்பாகிட்ட சொல்லு, நூல் தீந்துபோச்சுன்னு", "உன் புள்ளைகிட்ட சொல்லு, நேத்தே தெரியும்னு". தேர்தல்ல ரெண்டு அணியும் தோத்துப்போய், 13 வருஷம் கழிச்சி தி.மு.க. வந்துது. அடுத்த மாசமே ரெண்டு அணியும் ஒண்ணாகி இரட்டை இலை திரும்பி வந்துடுச்சி. இந்த அப்பனும் மகனும் பேச ஆரம்பிக்க பொங்கல் ரெண்டு போச்சு.

அதனால நான் சொல்றது இதான் தங்கச்சி. கணக்கு அண்ணனைத் தொரத்தாதீங்க. வசூல் அவர்கிட்டயே இருக்கட்டும், செலவு புதுப் பெட்டிக்காரங்க ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். நோட்டு ஒண்ணு, கையெழுத்து ரெண்டு. ஒருத்தர் போடாம இன்னொருத்தர் போட முடியாது. எங்க நெசவாளர் சொசைட்டியில அப்படித்தான்.

ஆற்காட்டு நவாபு:

பேரைப் பார்த்துட்டு எதுவும் சொல்லலைன்னா நல்லா இருக்காது. 1742-ல நவாப் சப்தர் அலி இதே வேலூர்க் கோட்டையிலதான் செத்தார். மராத்தியருக்குக் குடுக்க வேண்டிய பணத்துக்காகக் கோட்டைக்காரங்ககிட்ட வசூல் கேட்டார். வேலூர்க் கோட்டை யார் கையில? அவரோட சொந்த சகோதரி புருஷன் முர்தசா அலி கையில. விருந்தாளியா வந்த மச்சானைக் கொன்னுட்டுத்தான் பாக்கியைத் தீர்த்தார். ரெண்டு வருஷத்துல ஆற்காட்டுல ஒரு கல்யாண வீட்டுல சப்தர் அலியோட சின்னப் பையனும் கொலை. அதுக்கப்புறம் வந்த அன்வருதீன், 1749 ஆம்பூர்ச் சண்டை, சந்தா சாகிப், கிளைவ் எல்லாம் பள்ளிக்கூடப் பாடம்.

ஆக, வசூல் கணக்கு கேட்டீங்க, உங்களைக் குரூப்லேர்ந்துதான் ஒதுக்கினாங்க. நம்ம ஊர் எவ்வளவோ முன்னேறியிருக்கு.

ஜன்னல்சீட்டு (பத்து நாள் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றி. நவாபு அண்ணே, ஆபீஸ்ல சத்தமா சிரிச்சி மாட்டிக்கிட்டேன்.

வாத்தியார் சொன்னதைப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். போன பன்னிரண்டு பேர்ல ஒன்பது பேர் ஏற்கெனவே பெட்டியோட அந்தக் கோடியில உட்கார்றவங்க. நாலு வருஷத்துல அவங்க டப்பாவுல நான் கைவச்சதே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்காகக் கிளம்பினாங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

திங்கக்கிழமை பழைய பெட்டியில ஏறினேன். யாரும் "ஆள் வராங்க" சொல்லலை, யாரும் "உக்காரும்மா"வும் சொல்லலை. அக்கா மட்டும் பையை நகர்த்தினாங்க. திருவலம் தாண்டிப் பொன்னை ஆத்துப் பாலத்துல வண்டி மெதுவாப் போகும் இல்லையா, அங்கதான் அக்கா எப்பவும் டிபன் டப்பாவைத் திறப்பாங்க. இட்லி, பொட்டுக்கடலைச் சட்னி. ரெண்டு எனக்கு. கணக்கு அண்ணன் எதிர் சீட்டுல பேப்பரை மூஞ்சிக்கு நேரா பிடிச்சிட்டிருந்தார். முகுந்தராயபுரம் வரைக்கும் ஒரு பக்கம்கூடத் திருப்பலை.

சோளிங்கர் வந்ததும் பேப்பரை மடிச்சிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அக்கா கையில குடுத்தார். என் கையில குடுக்கலை. இன்ஜின் கழுவிக் குடுத்த ஆளுங்களுக்கு 800, பூ கட்டற அம்மா வீட்டுல காரியம்னு 600. "இதுக்கெல்லாம் பில்லு கேப்பாங்களா?"ன்னு ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். மொத்தம் 1,400. நான் ஒண்ணும் சொல்லலை. மனசுக்குள்ள கழிச்சிட்டேன், பழக்கதோஷம். 940 இன்னும் எங்கேன்னு தெரியலை. இந்தத் தடவை குரூப்ல கேக்கலை.

புதுப் பெட்டிக்காரங்க என்னை அவங்க குரூப்லேர்ந்து எடுத்துட்டாங்க. அதுல ஒருத்தர் மட்டும் அரக்கோணத்துல இறங்கி வந்து, வர்ற வருஷம் ரெண்டு பூஜையா ஒரு பூஜையான்னு கேட்டுட்டுப் போனார். இருக்கறது ஒரே இன்ஜின்தானேன்னு சொன்னேன். யோசிக்கறேன்னார்.

குடியாத்தம் அண்ணே, ரெண்டு கையெழுத்து நோட்டு லாங் பஜார்ல வாங்கிட்டேன், 60 ரூபா. கணக்கு அண்ணன் முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டுக் குடுத்துட்டார். இந்த 60 ரூபாயை எந்தக் கணக்குல எழுதறது?